மழை வந்தா வீட்டுக்குள்ள பாம்பு! அடிக்க ஓடாதீங்க... உயிர் தப்ப என்ன வழி?

சென்னை:

ஐப்பசி மழை பிடித்து 2 நாள் ஆகியிருக்கும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். கரண்டும் இருக்காது. ராத்திரி தண்ணி குடிக்க அடுப்படிக்கு போன பெண், கியாஸ் சிலிண்டருக்கு பின்னால் ஏதோ நெளிவதை பார்த்து ‘ஐயோ... பாம்பு!’ என்று அலறுவார்.

அடுத்த நிமிடமே பக்கத்து வீட்டு ஆட்கள் கம்பு, கடப்பாரையோடு ஓடி வருவார்கள். ‘அடி... அடி... விடாதே’ என்பார் ஒருவர். ‘மண்எண்ணெய் ஊத்துங்கப்பா’ என்பார் இன்னொருவர். ‘நல்ல பாம்புடா, அடிச்சா பாவம்’ என்று பாட்டி தடுப்பார். கடைசியில் ஒன்று பாம்பு சாகும். இல்லை என்றால் அடிக்க போனவர் கடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு போவார்.

முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், ஆவடி, பட்டாபிராம் என்று சென்னையை சுற்றி உள்ள பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த கூத்து அடிக்கடி நடக்கும். இதில் கொஞ்சம் விஷயம் தெரிந்து இருந்தால் பாம்பும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான். தெரியாவிட்டால் சும்மா போகிற பாம்பு கூட எமனாக மாறி விடும்.

ஏன் வருது பாம்பு?

பாம்பு ஆளை தேடி வீட்டுக்குள் வருவது இல்லை. அதற்கு தேவை 2 தான். ஒன்று இரை, இன்னொன்று காய்ந்த இடம்.

வடகிழக்கு பருவமழை கொட்டும் போது பாம்பு தங்கி இருக்கும் எலி வளை, கரையான் புற்று, கல் இடுக்கு எல்லாவற்றிலும் தண்ணீர் புகுந்து விடும். மேடான, ஈரம் இல்லாத இடம் தேடி அது வெளியே வரும். அந்த நேரத்தில் மேடாக இருப்பது நம்ம வீட்டு வாசல்படி, மாடிப்படி அடி, செங்கல் அடுக்கு, நிறுத்தி வைத்த வண்டி.

அதோடு புறநகரில் பல நகர்கள் எழும்பி இருப்பதே ஏரிக்கரையிலும், வயல்வெளியிலும், சதுப்பு நிலத்திலும் தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் பல ஆயிரம் ஏக்கருக்கு பரந்து கிடந்தது. அதில் பெரும் பகுதி இன்று வீடும் ரோடும் ஆகி விட்டது. மிச்சம் இருக்கும் இடத்துக்கு 2022-ம் ஆண்டு தான் ராம்சார் என்ற சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியது யாருக்கும் மறந்து இருக்காது. தண்ணீர் போகிற பாதையில் தான் பாம்பும் போகும். நாம் தான் அதன் பாதையில் வீடு கட்டி இருக்கிறோம்.

இரண்டாவது காரணம் எலி, பெருச்சாளி. தெருமுனையில் குப்பை தொட்டி நிரம்பி வழிகிறது. ஓட்டல் கழிவு சாக்கடையில் கொட்டப்படுகிறது. எலி பெருகாமல் என்ன செய்யும்? பெருச்சாளி வீட்டு அஸ்திவாரம் ஓரமாக வளை தோண்டும். எலியை தின்ன வரும் பாம்பு, அந்த வளையிலேயே வாடகை இல்லாமல் குடியேறி விடும். எங்கே எலி உண்டோ, அங்கே பாம்பு உண்டு. முதல் பாடம் இது தான்.

உயிரை பறிக்கும் 4 பாம்புகள்

தமிழ்நாட்டில் எத்தனையோ வகை பாம்புகள் இருந்தாலும், பெரும்பாலான உயிர்ப்பலிக்கு காரணம் 4 தான். இந்த 4 பெயரையும் வீட்டில் சின்ன பிள்ளைகள் கூட தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நல்ல பாம்பு:- எல்லோருக்கும் தெரிந்த பாம்பு. படம் எடுக்கும், சீறும். படத்தின் பின்பக்கம் மூக்குக்கண்ணாடி மாதிரி குறி இருக்கும். படம் எடுப்பது ‘கிட்ட வராதே’ என்கிற எச்சரிக்கை. அதை மதித்து விலகினால் பெரும்பாலும் அது தன் வழியை பார்த்துக்கொண்டு போய்விடும். குட்டியாக இருந்தாலும் விஷம் விஷம் தான்.

கட்டுவிரியன்:- நாலில் ரொம்ப மோசமானது இது. பளபளப்பான கறுப்பு உடம்பு. குறுக்கே மெல்லிய வெள்ளை பட்டைகள். பகலில் பதுங்கி கிடக்கும். ராத்திரி தான் வெளியே வரும். தரையில் பாய் போட்டு தூங்குபவர்கள் பக்கத்தில் வந்து, அவர்கள் புரளும் போது கடித்து விடும். கடித்தால் வலி பெரிதாக தெரியாது. எறும்பு, கொசு என்று நினைத்து மறுபடி தூங்கி விடுபவர்கள் உண்டு. விடியும் போது வயிற்று வலி, வாந்தி, கண் இமை தொங்கல். அப்போதும் பாம்பு கடி என்று யாருக்கும் தோன்றாது. அதற்குள் மூச்சு நின்று விடும்.

கண்ணாடி விரியன்:- தடித்த பழுப்பு உடம்பு. முதுகில் சங்கிலி கோர்த்த மாதிரி முட்டை வடிவ திட்டுகள். முக்கோண தலை. கோபம் வந்தால் குக்கரில் ஆவி போகிற மாதிரி ‘புஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக சீறும். இதை மலைப்பாம்பு குட்டி என்று நினைத்து கையில் எடுத்து விளையாடி உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். கடித்த இடம் மளமளவென்று வீங்கும். ரத்தம் உறையாது. சிறுநீரகத்தை காலி பண்ணி விடும்.

சுருட்டை விரியன்:- அளவில் சின்னது. ஒன்று, ஒன்றரை அடி தான் இருக்கும். வறண்ட நிலம், கல் குவியல், முள்காடு உள்ள பகுதிகளில் இருக்கும். உடம்பை மடித்து மடித்து செதிலோடு செதில் உரசி, ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் போடும். சின்னது தானே என்று காலால் தள்ளினால் பாய்ந்து கடிக்கும்.

இந்த பாம்புக்கு விஷமே இல்லை!

மழைக்காலத்தில் வீட்டுக்குள் வந்து அடிபட்டு சாகும் பாம்புகளில் பல, ஒரு பாவமும் அறியாதவை.

சாரைப்பாம்பு 7 அடிக்கு மேல் கூட வளரும். அதன் நீளத்தை பார்த்தே ஜனங்கள் நடுங்குவார்கள். ஆனால் துளி விஷம் கிடையாது. எலியை தின்று தீர்க்கும் விவசாயியின் கூட்டாளி. சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் சேர்ந்து பின்னி ஆடும் என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. இரண்டும் வேறு வேறு ஜாதி. பின்னிக்கொண்டு ஆடுவது போல் தெரிவது, 2 ஆண் சாரைகள் போடும் சண்டை.

தண்ணீர்ப்பாம்பு வெள்ளத்தோடு வீட்டுக்குள் வரும். கோபக்கார பாம்பு, கிட்ட போனால் கடிக்கும். ஆனால் விஷம் இல்லை. கொம்பேறி மூக்கன் கடித்து விட்டு மரத்தில் ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்கள். அதுவும் கட்டுக்கதை தான். அது விஷம் இல்லாத, ஓணான், தவளை பிடித்து தின்னும் பாம்பு. பாம்பு கூட இல்லாத அரணையையும் ‘நக்கினால் மரணம்’ என்று அடித்துக் கொல்கிறார்கள். அரணைக்கும் விஷம் கிடையாது.

ஆள் குழம்புவது ஓநாய் பாம்பிடம் தான். சுவர் ஏறும், ஜன்னல் வழியாக வரும் இந்த சின்ன பாம்பின் உடம்பிலும் வெள்ளை பட்டை இருக்கும். அப்படியே கட்டுவிரியன் மாதிரி தெரியும். ஓநாய் பாம்புக்கு கழுத்து பக்கம் பட்டை தெளிவாக இருந்து வால் பக்கம் மங்கி விடும். கட்டுவிரியனுக்கு தலைப்பக்கம் மங்கலாக இருந்து வால் பக்கம் தெளிவாக இருக்கும். ஆனால் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் இதை எல்லாம் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு இருக்க முடியாது. சந்தேகம் வந்தால் கட்டுவிரியன் என்றே நினைத்து ஒதுங்குவது தான் புத்திசாலித்தனம்.

பாம்பை பார்த்ததும் என்ன செய்யணும்?

* முதலில் அப்படியே நில்லுங்க. பின்னால் 2 எட்டு மெதுவாக வாங்க. பாம்பு தன் உடம்பு நீளத்தில் ஒரு பகுதி தூரம் தான் எட்டி கடிக்க முடியும். 6 அடி, 8 அடி தள்ளி நின்றால் ஆபத்து இல்லை.

* குழந்தைகள், வயதானவர்களை வெளியே அனுப்புங்க. நாய், பூனை இருந்தால் கட்டி போடுங்க.

* பாம்பு இருக்கிற அறைக்கதவை சாத்தி, கதவுக்கு அடியில் உள்ள சந்தை பழைய துணி, கோணியால் அடைச்சிடுங்க. வாசல் பக்கம் இருந்தால் வெளிக்கதவை திறந்து விட்டு ஒதுங்குங்க. அதுவாகவே போய்விட வாய்ப்பு உண்டு.

* ஒருவர் மட்டும் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பார்க்கணும். பாம்பு எங்கே போச்சு என்று தெரியாமல் போனால் தான் அன்று ராத்திரி யாருக்கும் தூக்கம் இருக்காது.

* தீயணைப்பு படைக்கு 101 அல்லது 112-க்கு போன் போடுங்க. வனத்துறைக்கும் தகவல் சொல்லலாம். தீயணைப்பு படையினர் வந்து பாம்பை பிடித்து செல்வார்கள்.

* மண்எண்ணெய், வெந்நீர், ஆசிட் ஊற்றாதீங்க. வலியில் துடிக்கும் பாம்பு எந்த பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது.

* செல்போனில் படம் எடுக்கிறேன் என்று கிட்ட போகாதீங்க. அடித்து போட்ட பாம்பையும் கையால் தொடாதீங்க. வெட்டிய தலை கூட கொஞ்ச நேரத்துக்கு கடிக்கும்.

இன்னொரு விஷயம். பாம்பை அடித்து கொல்வது 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி குற்றம். பிடித்து வைத்து வித்தை காட்டுவதும் குற்றம். ‘நான் பிடிக்கிறேன்’ என்று தெரு பையன்கள் கையை விடுவதும் வேண்டாம். கடிபடுகிறவர்களில் பலர் பாம்பை அடிக்கவோ பிடிக்கவோ போய் மாட்டியவர்கள் தான்.

பூண்டு, பினாயில், மகுடி... எதுவும் பலிக்காது!

வாசலில் பூண்டு இடிச்சு போடுவது, பினாயில் தெளிப்பது, உப்பு கோடு போடுவது, அந்துருண்டை உருட்டி விடுவது என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். இதை எல்லாம் பாம்பு சர்வசாதாரணமாக தாண்டி வரும். அந்துருண்டையை குழந்தை எடுத்து வாயில் போட்டால் தான் ஆபத்து.

மகுடி ஊதினால் பாம்பு மயங்கும் என்பதும் சினிமா சமாசாரம். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. மகுடி அசைகிற பக்கம் எல்லாம் திரும்பி, தாக்குமோ என்ற பயத்தில் அது ஆடுகிறது. பாம்பு பால் குடிக்கும், பழி வாங்கும், ஜோடியை கொன்றால் தேடி வரும் என்பதும் அப்படித்தான். பழி வாங்கும் அளவுக்கு ஞாபகமும் மூளையும் அதற்கு இல்லை.

காசு செலவில்லாமல் தடுக்கலாம்

வாடகை வீடோ, ஒற்றை அறை வீடோ, ஷீட் போட்ட வீடோ... பாம்பு வராமல் தடுக்க பெரிய செலவு ஒன்றும் இல்லை.

கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் போதும், பாம்பு நுழைந்து விடும். பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி கதவின் அடிப்பக்கம் ஆணி அடித்து விட்டால் சந்து அடைபட்டு விடும். பாத்ரூம், சமையல் அறை தண்ணீர் போகும் ஓட்டைக்கு கம்பி வலை வைக்க வேண்டும். சுவரில் உள்ள ஓட்டை, பைப் போகும் துவாரம் எல்லாவற்றையும் சிமெண்டு வைத்து பூசி விடலாம்.

வீட்டை ஒட்டி செங்கல், மரக்கட்டை, தென்னை மட்டை, பழைய டயர் என்று குவித்து வைக்காதீங்க. விறகு வைக்க வேண்டும் என்றால் தரையில் இருந்து ஒரு அடி உயரத்தில் பலகை போட்டு வைங்க. ஜன்னல், ஓடு, மாடி மேல் சாயும் மரக்கிளையை வெட்டி விடுங்க. கோழிக்கூடு இருந்தால் சின்ன கண் உள்ள வலை போடுங்க. முட்டைக்கும் குஞ்சுக்கும் பாம்பு வரும்.

எலியை ஒழித்தால் பாதி வேலை முடிந்தது. மிச்ச சோறு, மீன் கழிவை வாசலில் கொட்டக்கூடாது. அரிசி, கோழி தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் வைக்க வேண்டும். எலிப்பொறி, எலிப்பெட்டி வைத்து பிடிக்கலாம். பெருச்சாளி வளை தெரிந்தால் கல், உடைந்த கண்ணாடி போட்டு சிமெண்டு பூசி அடைக்கலாம். உள்ளே பாம்பு இருக்கலாம் என்பதால் வளைக்குள் கையை விடவே கூடாது.

எலிமருந்து விஷயத்தில் உஷார்! பற்பசை மாதிரி டியூப்பில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் எலிமருந்தை தமிழக அரசு தடை செய்துள்ளது. அது குழந்தை வாயில் பட்டால் ஈரல் கெட்டு விடும். 2024 நவம்பரில் குன்றத்தூர் அருகே ஒரு வீட்டில் எலியை ஒழிக்க மருந்து வைத்து விட்டு, அதே வீட்டில் தூங்கிய குடும்பத்தில் 2 குழந்தைகள் பலியானதை மறக்க முடியாது. எலிக்கு வைத்தது நமக்கு எமனாக கூடாது.

எலியால் வரும் ஆபத்து பாம்போடு முடியவில்லை. மழைத்தண்ணீரில் கலக்கும் எலி சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு சில நாள் கழித்து காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தரையில் படுக்காதீங்க!

வாட்ச்மேன் வேலை பார்ப்பவர்கள், கட்டிட வேலைக்கு வந்து ஷெட்டில் தங்குபவர்கள், செங்கல் சூளை தொழிலாளர்கள்... கட்டுவிரியனிடம் அதிகம் மாட்டுவது தரையில் படுக்கும் இவர்களை மாதிரி ஏழைகள் தான்.

கட்டில் வாங்க வசதி இல்லாவிட்டாலும் பெஞ்சு, பலகை எதையாவது போட்டு உயரமாக படுக்கலாம். அதுவும் முடியாது என்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தை பாய்க்கு அடியில் சுற்றிலும் சொருகி விட்டு படுக்க வேண்டும். ஒரே கல்லில் 2 மாங்காய். கொசுவும் கடிக்காது, கட்டுவிரியனும் உள்ளே வராது. படுக்கும் முன்பு பாயை உதறி, தலையணையை தூக்கி பார்க்கணும்.

ராத்திரி ஒண்ணுக்கு போக வெளியே வந்தால் டார்ச், காலில் செருப்பு இல்லாமல் இறங்கக்கூடாது. காலையில் ஷூ, ஹெல்மெட்டை தட்டி விட்டு போடணும். மழை ராத்திரி முழுக்க நின்ற வண்டியை எடுக்கும் முன்பு சீட் அடியிலும், முன்பக்க கவர் உள்ளேயும் ஒரு பார்வை பார்க்கணும்.

கடித்து விட்டால்... முதல் 10 நிமிடம்

இந்தியாவில் 2000-ம் ஆண்டு முதல் 2019 வரை பாம்பு கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்து இருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கு சொல்கிறது. அதாவது ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர். இதில் பலர் ஆஸ்பத்திரிக்கு போகாமலோ, தாமதமாக போயோ செத்தவர்கள். எனவே கடித்ததும் செய்யும் முதல் வேலை தான் உயிரை தீர்மானிக்கிறது.

செய்ய வேண்டியது:-

* கடிபட்டவரை உட்கார வைத்து தைரியம் சொல்லுங்க. எல்லா பாம்புக்கும் விஷம் இல்லை. விஷப்பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு முறையும் விஷத்தை இறக்குவது இல்லை.

* மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்க. வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது.

* கடிபட்ட கை, காலை அசைக்க விடாதீங்க. எலும்பு முறிந்தால் கட்டுகிற மாதிரி ஒரு கட்டை, ஸ்கேல் வைத்து லேசாக கட்டுங்க. நடக்க, ஓட விடக்கூடாது. அசைய அசைய விஷம் வேகமாக ஏறும்.

* 108-க்கு போன் பண்ணுங்க. ஆம்புலன்ஸ் வர வழி இல்லை என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு போங்க. கடிபட்டவர் வண்டி ஓட்டக்கூடாது.

* வாந்தி வந்தால் இடது பக்கமாக ஒருக்களித்து படுக்க வைங்க.

* கடித்த நேரம், எப்போது வாந்தி வந்தது, எப்போது கண் சொருகியது என்பதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்க.

செய்யக்கூடாதது:-

* கயிறு, துணியால் இறுக்கி கட்டாதீங்க. ரத்த ஓட்டம் நின்று அந்த கை, காலே அழுகி போய்விடும். விரியன் விஷம் தங்கிய இடத்தில் சதையை இன்னும் வேகமாக அரிக்கும்.

* பிளேடால் கீறாதீங்க. ரத்தம் உறையாமல் இருக்கிறவருக்கு கீறினால் ரத்தம் நிற்கவே நிற்காது.

* வாய் வைத்து உறிஞ்சாதீங்க. சினிமாவில் மட்டும் தான் விஷம் வெளியே வரும்.

* ஐஸ், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். சாராயம் கொடுக்கவே கூடாது.

* பாம்பை பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வராதீங்க. தூரத்தில் இருந்து செல்போனில் போட்டோ எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

பல் பதிந்த தடம் இல்லை என்று அலட்சியமாக இருப்பதும் ஆபத்து. கட்டுவிரியன் கடித்த தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. தரையில் தூங்கி எழுந்தவருக்கு திடீரென வயிற்று வலி, கண் இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் பாம்பு கடி என்றே நினைத்து ஓடணும்.

மந்திரித்து சரியானது எப்படி?

‘எங்க ஊரில் பச்சிலை கொடுத்தாங்க, மந்திரிச்சாங்க, சரியா போச்சு’ என்பவர்கள் உண்டு. சரியானதற்கு காரணம் மந்திரம் இல்லை. அவரை கடித்தது விஷம் இல்லாத பாம்பாக இருக்கும். அல்லது விஷம் இறங்காத கடியாக இருக்கும். அது ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் சரியாகி இருக்கும். அதை நம்பி கட்டுவிரியன் கடித்தவரையும் மந்திரவாதியிடம் தூக்கிக்கொண்டு போனால், போகிற நேரத்திலேயே உயிர் போய்விடும்.

பாம்பு விஷத்துக்கு ஒரே மருந்து விஷமுறிவு ஊசி தான். அது ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தை முறிக்கும். ஆனால் நரம்பிலும் சிறுநீரகத்திலும் விஷம் ஏற்கனவே செய்து விட்ட சேதத்தை அதனால் சரி பண்ண முடியாது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால் தான்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வாங்க?

ஆஸ்பத்திரிக்கு போனதும் ஊசி போடவில்லை என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. முதலில் விஷம் ஏறி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கொஞ்சம் ரத்தம் எடுத்து கண்ணாடி குழாயில் விட்டு 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். பிறகு சாய்த்து பார்ப்பார்கள். ரத்தம் உறைந்து இருந்தால் நிம்மதி. தண்ணி மாதிரி ஓடினால் விரியன் விஷம் வேலையை காட்டுகிறது என்று அர்த்தம். நல்ல பாம்பு, கட்டுவிரியன் கடிக்கு இமை, பேச்சு, மூச்சை பார்த்து முடிவு செய்வார்கள்.

விஷம் ஏறியது தெரிந்தால் பொதுவாக முதல் தவணையாக 10 குப்பி வரை மருந்தை டிரிப்ஸ் மூலம் ஏற்றுவார்கள். குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு தான். ஆள் சின்னவர் என்று பாம்பு விஷத்தை குறைத்து விடுவது இல்லையே! சிலருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் வீட்டிலோ, மருந்து கடையிலோ போடக்கூடாது. கட்டுவிரியன் கடியில் மூச்சு நின்றால் செயற்கை சுவாச கருவி வைத்து காப்பாற்றுவார்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருப்பது தான் நல்லது. பாதியில் எழுந்து ஓடி வரக்கூடாது.

அரசு ஆஸ்பத்திரிகளில் இந்த மருந்து இலவசம். பணம் இல்லையே என்று யாரும் தயங்க தேவை இல்லை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்பு கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக அறிவித்தது. அதன்படி தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் பாம்பு கடி பற்றி அரசுக்கு தகவல் கொடுத்தாக வேண்டும். எந்த பகுதியில் கடி அதிகம் என்று தெரிந்தால் அங்கே மருந்தை தயாராக வைக்கலாம் என்பது தான் நோக்கம்.

உயிர் கொடுக்கும் இருளர்கள்

அந்த மருந்து எப்படி வருகிறது தெரியுமா? கிழக்கு கடற்கரை சாலையில் வடநெம்மேலியில் முதலை பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. 1978-ம் ஆண்டு தொடங்கியது. அதற்கு முன்பு பாம்பு தோலுக்காக பாம்பு பிடித்த இருளர்கள், சட்டம் வந்து தோல் வியாபாரம் நின்றதும் பிழைப்புக்கு வழி இல்லாமல் தவித்தனர். ‘பாம்பை கொல்ல வேண்டாம், விஷத்தை எடுத்து விட்டு விடலாம்’ என்று வழி காட்டியவர்களில் முக்கியமானவர் முதலை பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகர்.

மேலே சொன்ன அதே 4 பாம்புகளை இருளர்கள் பிடித்து வருவார்கள். சில வாரம் பானையில் வைத்து, சில முறை விஷம் எடுத்து விட்டு மறுபடி காட்டில் விட்டு விடுவார்கள். அந்த விஷத்தை மருந்து கம்பெனிகள் குதிரைக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஊசி மூலம் ஏற்றும். குதிரையின் உடம்பு அதை எதிர்த்து போராட ரத்தத்தில் எதிர்ப்பு சத்து உண்டாக்கும். அதில் இருந்து பிரித்து எடுப்பது தான் விஷமுறிவு மருந்து. நாலு பாம்புக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதனால் தான் எந்த பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை கொடுக்க முடிகிறது.

இந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் 2 பேருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கொடுக்கப்பட்டது. 2017-ல் இவர்கள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு போய், அங்கே பெருகி தொல்லை கொடுத்த மலைப்பாம்புகளை பிடித்து காட்டி அசத்தியவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நம்ம ஊரில் ‘அடி, விடாதே’ என்று கத்துகிற அதே பாம்பின் விஷத்தில் இருந்து தான், கடிபட்ட பிள்ளையின் உயிரை மீட்கும் மருந்தும் வருகிறது.

மழை சீசன் வருவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி கதவு சந்தை அடையுங்க. வாசல் குப்பையை அள்ளுங்க. பக்கத்தில் எந்த அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரியிலும் டாக்டர், மருந்து இருக்கிறது என்று இப்போதே விசாரித்து வைங்க. 108, 101, 112 - இந்த 3 நம்பரையும் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்க. கொசுவலை கிழிந்து இருந்தால் இன்றைக்கே தைச்சிடுங்க. ராத்திரி 2 மணிக்கு பாம்பு வந்த பிறகு ஊசி நூல் தேட முடியாது!